நாற்பத்தைந்து நிமிஷமும் மீதி நாளும்

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய், பிசியோதெரபிஸ்டான எனக்கு எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"மேடம், என் மகனுக்கு மூன்றரை வயது. ஏழாம் மாதம் முடிந்ததுமே பிறந்துவிட்டான். எடை ஒன்று நானூறு. இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒன்றரை வயதாகியும் உட்காரவில்லை என்று மதுரையில் காட்டினோம். ஸ்கேன் பார்த்துவிட்டு சி.பி. (மூளை முடக்குவாதம்) என்றார்கள். இரண்டு வயது முடிவதற்குள் உட்கார்ந்துவிட்டான். இப்போது கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கிறான். ஆனால் குதிகால் தரையில் படுவதில்லை, கால் ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கின்றன. பேச்சு நன்றாக வருகிறது. காலுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் வேர்த்துச் சிவக்கிறது என்று பரணில் போட்டுவிட்டேன். வாரத்துக்கு மூன்று நாள் மதுரைக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டி வருகிறேன். ஒரு தடவைக்கு முந்நூறு ரூபாய், பஸ்ஸும் சாப்பாடும் தனி. போகிற நாளில் பூக் கட்டுகிற வேலையும் போய்விடும். அங்கே முக்கால் மணி நேரமும் அழுகிறான். வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிக்கும் அழுகைதான். என்னைக் கண்டாலே காலை மடக்கிக்கொள்கிறான். அவனுடைய அப்பத்தா, 'எண்ணெய் போட்டு நீவி, இடுப்பளவு குழி தோண்டி மண்ணைப் போட்டு நிறுத்தினா தன்னால நடப்பான், சின்னப் பிள்ளைய வதைக்காதே' என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும், மூன்று லட்சம் ஆகும் என்கிறார். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அதை விற்றுவிடலாமா என்று கேட்கிறார். கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்று பேசுகிறார்கள். என் பையன் எப்போது நடப்பான்?"

சகோதரி, ஆட்டோவை விற்காதீர்கள்.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் யாரும் முன்பணம் கட்டிவிடக் கூடாதே என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன். மூளை முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆய்வில் இருக்கும் சமாச்சாரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற நோய்களுக்கு இதை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் கொடுக்கலாம். ஆய்வு நடத்துகிறவர்கள் உங்களிடம் மூன்று லட்சம் கேட்க மாட்டார்கள். கேட்கிறார்கள் என்றால் அது வியாபாரம். உங்கள் வீட்டுக்காரரின் ஆட்டோ ஓடிக்கொண்டிருப்பது பையனுடைய வைத்தியத்துக்கு அந்த ஊசியைவிட அதிகம் உதவும்.

அடுத்தது கிரகணம். உங்கள் பையனின் கால் இப்படி இருப்பதற்குக் காரணம் அவன் முன்கூட்டியே பிறந்தது. ஏழெட்டு மாதக் கருவின் மூளையில் திரவம் நிறைந்த இரண்டு அறைகள் உண்டு. அவற்றை ஒட்டிய பகுதி அந்தச் சமயத்தில் மிகவும் மென்மையாக இருக்கும். ரத்த ஓட்டத்தில் சின்னத் தடுமாற்றம் வந்தாலும் அங்கேதான் முதலில் அடி விழும். மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு இழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகில் ஓடுகின்றன; கைக்கும் முகத்துக்கும் போகிறவை கொஞ்சம் தள்ளி. அதனால்தான் கால் இறுகிப்போயிருக்க, பேச்சும் கையும் பெரும்பாலும் தப்பித்தன. குறைமாதப் பிரசவத்துக்கும் கால் இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை லண்டனில் லிட்டில் என்ற டாக்டர் 1860-களிலேயே எழுதிவிட்டார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் நம் ஊரில் இன்னும் கிரகணத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இதை உங்கள் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

சரி, எப்போது நடப்பான்?

தேதி குறிக்க முடியாது. யாராவது குறித்துக் கொடுத்தால் நம்பாதீர்கள். எப்படி நடப்பான் என்று ஓரளவு சொல்லலாம். இரண்டு வயதுக்குள் பிடிமானமில்லாமல் உட்கார்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் நடக்கிறார்கள், சிலர் வெறுங்கையோடு, சிலர் வாக்கரோ ஊன்றுகோலோ வைத்துக்கொண்டு. உங்கள் பையன் அந்த வாசலைத் தாண்டிவிட்டான். 1997-ல் கனடாவில் இந்தப் பிள்ளைகளின் அசைவுத் திறனை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதல் படிப் பிள்ளை ஓடும், படியேறும். ஐந்தாம் படிப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்திப் பிடிப்பதே கஷ்டம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் இரண்டாம் படியிலோ மூன்றாம் படியிலோ இருக்க வேண்டும், நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். இரண்டு என்றால் பின்னாளில் கைப்பிடி இல்லாமல் நடக்க வாய்ப்பு அதிகம், தூரத்துக்கும் மேடுபள்ளத்துக்கும் சிரமப்படுவான். மூன்று என்றால் வாக்கரோடு நடப்பான், தூரப் பயணத்துக்கு வீல்சேர் வேண்டியிருக்கும். அடுத்த தடவை போகும்போது, "என் பையன் எந்தப் படி?" என்று உங்கள் பிசியோவிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அதே கனடாக்காரர்கள் 657 பிள்ளைகளைச் சில வருஷங்கள் தொடர்ந்து பார்த்து 2002-ல் இன்னொன்று சொன்னார்கள். உட்காருவது, எழுவது, நடப்பது போன்ற பெரிய அசைவுகளில் ஒரு பிள்ளை எட்டக்கூடிய உயரத்தில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதத்தை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறது. ஐந்துக்கு மேல் கதவு மூடிவிடும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போதிருக்கிற ஒன்றரை வருஷம் விலை உயர்ந்தது, அவ்வளவுதான். அதை அழவைத்தே கழித்துவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒரே ஒரு வரி. என்னைக் கண்டாலே காலை மடக்கிக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் என்னையும் பார்த்தேன்.

படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் இருந்த இடத்தில் மாடியில் வரிசையாக நாலு மேஜை, மேஜைக்கு ஒரு பிள்ளை. முட்டியை நீட்டிப் பிடித்து, பாதத்தை மேலே மடக்கி, முப்பது எண்ணுவோம். மேலூர் பக்கத்திலிருந்து ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று வரும். படியில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே அழ ஆரம்பித்துவிடுவாள். எட்டு மாதம் இழுத்தேன். எட்டு மாதம் கழித்துக் கணுக்கால் மடங்கும் கோணத்தை அளந்தால், முதல் நாள் நோட்டில் எழுதியிருந்த அதே அளவு. ஒரு நாள் அவள் அம்மா கொய்யாப்பழம் நறுக்கிய டப்பாவை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் அடுத்த மேஜைக்குத் திரும்பியிருந்தேன். பார்த்தால் அவள் மேஜையிலிருந்து வழுக்கி இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நாலைந்து எட்டு வைத்து, ஜன்னலில் வயிற்றைச் சாய்த்து, குதிகாலை அழுத்தி ஊன்றி, ரெண்டு கையாலும் டப்பாவைத் திறந்து தின்றுகொண்டிருக்கிறாள். எட்டு மாதமாக நான் அவளிடமிருந்து இழுத்து வாங்க முயன்றது அத்தனையும் அதில் இருந்தது. ஒரு துளி அழுகை இல்லை. அன்றைக்கும் முக்கால் மணி நேரத்துக்கு பில் போட்டுத்தான் அனுப்பினோம்.

இது என் அனுபவம் மட்டும் என்றால் எழுத மாட்டேன். ஆஸ்திரேலியாவில் அயோனா நோவக் என்பவரும் அவருடைய குழுவும் இந்தப் பிள்ளைகளுக்கான சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி, டிராபிக் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வகைப்படுத்தினார்கள். முதலில் 2013-ல், பிறகு 2020-ல். பிள்ளை தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் தானே திரும்பத் திரும்பச் செய்து பழகுவது பச்சை. பெற்றோர் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யும் பயிற்சியும் பச்சை. பிள்ளையைக் கிடத்திப் போட்டுக் கைகாலை நாம் கொஞ்ச நேரம் இழுத்து விடுவதற்கு அந்தப் பட்டியலில் நல்ல இடம் இல்லை. காரணம் எளிது. இறுக்கம் மூளையிலிருந்து வரும் கட்டளையால் வருவது. முப்பது எண்ணும் வரை தசை நீளும், விட்டதும் பழைய நிலைக்குப் போகும். நிற்பது, ஸ்பிளின்ட், மாவுக்கட்டு போல மணிக்கணக்கில் நீட்டி வைத்திருப்பதற்குக் கொஞ்சம் பலன் உண்டு. நடப்பதற்கான பலம் மட்டும் அவனே உழைத்தால்தான் வரும்.

அதனால், நீங்கள் பூக் கட்டுகிறீர்கள் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம். எந்த சென்டரிலும் இல்லாத வசதி உங்கள் வீட்டில் இருக்கிறது.

திண்ணை இருக்கிறது அல்லவா? அதன் விளிம்பு பையனின் தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவில் வருகிறதா பாருங்கள். தாழ்வாக இருந்தால் மேலே ஒரு மரப்பெட்டியை வையுங்கள். ஸ்பிளின்ட் போட்டு (அதற்கு அப்புறம் வருகிறேன்), அவனைத் திண்ணையைப் பார்த்து நிறுத்துங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கால் பின்னினால் ஒரு துண்டைச் சுருட்டி நடுவில் வையுங்கள். சுளகில் மொட்டைக் கொட்டி அவன் எதிரே வைத்துவிட்டு, நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து நாரை எடுங்கள். அவன் வேலை இரண்டிரண்டு மொட்டாக எடுத்து உங்கள் கையில் தருவது. ஒரு கை திண்ணையைப் பிடித்திருக்கும், ஒரு கை வேலை செய்யும். ஐந்து நிமிஷம் போனதும் சுளகை வலப்பக்கம் நகர்த்துங்கள். எடுப்பதற்கு வலது காலில் பாரம் ஏற்றி ஆக வேண்டும். பிறகு இடப்பக்கம். பிறகு ஒரு கைப்பிடி மொட்டை ஒரு கிண்ணத்தில் போட்டு, அவன் முட்டி உயரத்தில் ஒரு மணை மேல் வையுங்கள். முட்டியை மடக்கிக் குனிந்து எடுத்து நிமிர்வான். ஒரு சரம் முடிவதற்குள் முப்பது நாற்பது தடவை பாரம் மாற்றி, பத்துத் தடவை குனிந்து நிமிர்ந்திருப்பான். பயிற்சி என்ற வார்த்தையையே சொல்லாதீர்கள்.

முதல் நாள் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். களைத்து முகம் சுளிப்பதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள், நாளைக்கு அவனே வருவான். கொஞ்சம் மொட்டு நசுங்கும். கட்டப் பூ கொடுக்கிற ஆளை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

அடுத்தது எழுந்து உட்காருவது. சின்ன பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துச் சுவரை ஒட்டி வையுங்கள், சறுக்கக் கூடாது. அதில் அவன் உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும், முட்டி 'ட' எழுத்து மாதிரி மடங்க வேண்டும். எதிரே ஏதாவது ஒரு பிடிமானம், திண்ணையே போதும். உட்கார்ந்து, எழுந்து, கட்டிய சரத்தை ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடி உட்கார வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள், பலம் அதில்தான் ஏறும். இந்த மாதிரி பலப் பயிற்சி கொடுத்தால் இறுக்கம் கூடிவிடும் என்று எங்களுக்கே ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது தவறு என்று தெரிந்து ரொம்ப நாளாயிற்று.

அவன் தரையில் உட்காரும்போது காலை இரண்டு பக்கமும் பின்னால் மடக்கித் தவளை மாதிரி உட்காருவான் என்று நினைக்கிறேன், உங்கள் பிசியோ அதைக் கண்டித்திருப்பார். தினமும் அப்படியே கிடந்தால் இடுப்பும் தொடையும் உள்பக்கம் திரும்பிப் பழகும், உண்மைதான். ஆனால் அவன் ஏன் அப்படி உட்காருகிறான்? அப்படி உட்கார்ந்தால்தான் விழாமல் ரெண்டு கையும் சும்மா இருக்கிறது. காலை நீட்டி உட்காரச் சொன்னால் தொடையின் பின்தசை இழுத்து முதுகு கூன் விழுந்து பின்பக்கம் சாய்வான். அதனால் "காலை நீட்டு, காலை நீட்டு" என்று நாள் முழுக்கக் கத்துவதற்குப் பதில், சாப்பிடும்போதும் விளையாடும்போதும் அந்த டப்பாவையோ ஒரு முக்காலியையோ கொடுங்கள். குளிக்க வைக்கும்போதும் அப்படியே. சோப்புப் போட ஒரு காலைத் தூக்கச் சொல்லுங்கள். மற்ற நேரம் தவளையாகவே உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

தூக்கும்போது கைக்குழந்தை மாதிரி ஏந்தாதீர்கள். இடுப்பில் வைத்து, உங்களுக்கு இரண்டு பக்கமும் கால் விரிந்திருக்கும்படி தூக்குங்கள். நம் பாட்டிமார் தூக்கிய முறைதான், கால் பின்னும் பிள்ளைக்கு அதுவே வைத்தியம். கனம் கூடிக்கொண்டு போகிறான், உங்கள் முதுகையும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்த இடத்தில் தூக்காமல் நடைவண்டி கொடுங்கள். மரத்தில் மூன்று சக்கரத்தோடு வருமே, அதுதான். அது முன்னால் ஓடாமல் இருக்கக் குறுக்குச் சட்டத்தில் ஒரு செங்கலைக் கட்டுங்கள். அவன் அதைப் பிடித்து ரொம்பவும் குனிந்து போனால், பின்பக்கமிருந்து இழுத்து வரும் வாக்கர் தேவைப்படலாம். அதைப் பார்த்து அளவெடுத்து வாங்க வேண்டும். கடையில் விற்கும் வட்ட வாக்கர், நடுவில் துணி சீட் வைத்தது, வேண்டவே வேண்டாம். அதில் தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துவான். நாம் மாற்ற நினைப்பதே அந்த நுனிக்காலைத்தான்.

பரணில் இருக்கும் ஸ்பிளின்ட். மதுரை வெயிலில் அதைப் போடச் சொல்வது எங்களுக்குச் சுலபம், போட்டுக்கொள்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். ஆனாலும் இறக்குங்கள். முட்டிக்குக் கீழ் வரை வரும் பருத்தி சாக்ஸ், சுருக்கம் இல்லாமல். குதிகால் பின்னால் ஒட்டி உட்கார்ந்த பிறகுதான் பட்டையை இறுக்க வேண்டும். முதல் நாள் அரை மணி, பிறகு ஒரு மணி என்று ஏற்றுங்கள். கழற்றியதும் சிவப்பு இருக்கத்தான் செய்யும். இருபது முப்பது நிமிஷத்தில் மறைந்தால் பயமில்லை. மறையவில்லை, அல்லது தோல் உரிகிறது என்றால் ஸ்பிளின்ட்டில்தான் கோளாறு, செய்து கொடுத்தவரிடம் கொண்டு போங்கள். சூடு காட்டித் தட்டிச் சரிசெய்வார். வளர்கிற பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒன்றாவது மாற்ற வேண்டிவரும். மேலே தளர்ந்த செருப்பு போடாமல், பட்டை வைத்த ஷூ ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்.

அப்பத்தாவிடம் சண்டை போடாதீர்கள். எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவினால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், தூக்கம் வரும், அவருக்கும் பேரனுக்கும் ஒரு ஒட்டுதல் வரும். இறுக்கம் போகாது, அவ்வளவுதான். நெட்டி முறிப்பது, கவட்டையைப் பலமாக விரிப்பது, சுளுக்கு எடுக்கிறேன் என்று காலைத் திருகுவது மட்டும் கூடவே கூடாது. நடக்காத பிள்ளையின் எலும்பு நாம் நினைப்பதைவிட லேசானது. குழி விஷயத்தில் கிழவிக்குப் பாதி மார்க் போடலாம். நின்றால் எலும்பும் இடுப்பும் பலப்படும் என்பது சரியான யோசனை, நாங்கள் ஸ்டாண்டிங் ஃபிரேம் என்று மரத்தில் செய்து வைத்திருப்பதும் அதற்குத்தான். ஆனால் குழிக்குள் பாதம் எப்படித் திரும்பியிருக்கிறது, கால் பின்னியிருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது. பிள்ளையும் பயந்துபோகும். திண்ணையில் நிற்பதை அவருடைய பொறுப்பாக்கிவிடுங்கள். சுளகு நகர்த்துவதில் அவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருப்பார்.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. இடுப்பு எக்ஸ்ரே. மூன்றரை வயதாகிறது, ஸ்கேன் எழுதியிருக்கிறீர்கள், இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பின் பந்து கிண்ணத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே நகரும். மேலே சொன்ன படி ஏற ஏற ஆபத்தும் ஏறும். முதல் படியில் அநேகமாக இல்லை, ஐந்தாம் படியில் பத்தில் ஒன்பது பேருக்கு. வலி கடைசியில்தான் வரும், அப்போது பெரிய ஆபரேஷன்தான் வழி. முன்கூட்டியே தெரிந்தால் சிறிய வேலையோடு முடிக்கலாம். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை நேராகப் படுக்க வைத்து ஒரே ஒரு படம். எவ்வளவு நாளுக்கு ஒன்று என்பதை எலும்பு டாக்டர் படியைப் பார்த்துச் சொல்வார். ஜட்டி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைவிடக் குறைவாக விரிந்தால் இன்னும் சீக்கிரம் காட்டுங்கள்.

ஊசி என்றாலே பயந்துவிடாதீர்கள். இறுக்கத்துக்கு பொட்டாக்ஸ் என்று ஒரு ஊசி உண்டு, அது உண்மையான வைத்தியம். ஆடுசதையில் போட்டால் சுமார் மூன்று மாதம் தளர்வு இருக்கும். அந்த மூன்று மாதத்தில் ஸ்பிளின்ட்டும் திண்ணையும் ஒழுங்காக நடந்தால்தான் போட்ட காசுக்குப் பலன். தேவையா என்பதைப் பார்க்கும் டாக்டர் சொல்லட்டும்.

வாரம் மூன்று நாள் மதுரை வர வேண்டுமா? இப்போது நடப்பது போலத்தான் நடக்கும் என்றால் வேண்டாம். உங்கள் பிசியோவிடம் கோபமில்லாமல் பேசுங்கள். "மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு குறிக்கோள் வைப்போம், திண்ணையிலிருந்து வாசல் வரை நடைவண்டியோடு போக வேண்டும். அதற்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுங்கள், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்து காட்டுகிறேன்" என்று கேளுங்கள். நல்ல பிசியோ என்றால் சந்தோஷப்படுவார். முகம் மாறினால் வேறு ஆளைப் பாருங்கள். பிள்ளையின் அழுகைக்குக் காரணம் பசியா தூக்கமா என்றும் யோசியுங்கள். அதிகாலையில் எழுப்பி, ரெண்டு பஸ் மாறி, பதினோரு மணிக்கு மேஜையில் கிடத்தினால் நானும் அழுவேன்.

காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். எக்ஸ்ரேயையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பிசியோ வருகிறார், எந்தக் கிழமை என்று பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடம் கேட்டால் சொல்வார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. சான்றிதழில் சதவீதம் போடுவார்கள். அதைப் பொறுத்து மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்குமா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். வாக்கருக்கும் சிறப்பு நாற்காலிக்கும் அங்கேதான் விண்ணப்பம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவனுக்கும் துணைக்கு வரும் உங்களுக்கும் டிக்கெட் கிடையாது, அது 2021-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிராமயா என்று ஒரு காப்பீடு, வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பிசியோ செலவிலும் ஒரு பகுதி அதில் வரும்.

அங்கன்வாடிக்கு அனுப்புகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்புங்கள். பேச்சு நன்றாக வரும் மூன்றரை வயதுப் பிள்ளை பேச ஆளில்லாமல் வீட்டில் இருக்கக் கூடாது. டீச்சரிடம் அந்த பெயிண்ட் டப்பாவையும் கொடுத்துவிடுங்கள். மற்ற பிள்ளைகள் பந்து உருட்டும்போது இவன் எழுந்து நிற்க முயல்வதைத் தடுக்க வேண்டாம், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும் என்று சொல்லுங்கள். ரெண்டு தடவை விழுவான். எல்லாப் பிள்ளையும் விழுகிறது.

ஒரு எச்சரிக்கை. மூளையில் பட்ட அடி நாளாக நாளாகப் பெரிதாவதில்லை. எலும்பு வளரும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காததால், ஒரேயடியாக உயரம் கூடும் சமயத்தில் இறுக்கம் அதிகமானது போலத் தெரியும், அது சகஜம். ஆனால் செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்ய முடியாமல் போனால், வலிப்பு வந்தால், காலை ஊன்றும்போது வலி என்று அழுதால், பிசியோவுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

என்னிடம் காட்ட விரும்பினால் வாருங்கள். வரும்போது பழைய ஸ்கேன், பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, பரணில் கிடந்த ஸ்பிளின்ட் (சின்னதாகிப் போயிருந்தாலும் பரவாயில்லை) மூன்றையும் எடுத்து வாருங்கள். திண்ணையில் அவன் மொட்டு எடுத்துக் கொடுப்பதை போனில் ரெண்டு நிமிஷம் எடுத்து வந்தால் இன்னும் நல்லது, பாதம் தெரிகிற மாதிரி. என் அறையில் அவன் எப்படி நிற்கிறான் என்பதைவிட எனக்கு அதுதான் வேண்டும். மல்லி வரத்து குறையட்டும் என்று என்னிடம் வருவதைத் தள்ளிப்போட்டாலும் சரி, எக்ஸ்ரேயை மட்டும் இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.